கட்டக் குறியும் கள்ளக் குறியும்

தேநீர்க் கடை, பூக்கடை, இளநீர் வண்டி, கோயில் உண்டியல் என எங்கு நோக்கினும் கறுப்பும் வெள்ளையுமான ஒரு சதுர அட்டையை இன்று காண்கிறோம். "ஸ்கேனர் இருக்கா?" என்று கேட்டபடி கைப்பேசியை அதன் முன் நீட்டுகிறோம். (உண்மையில் அந்த அட்டை ஸ்கேனர் அன்று, ஸ்கேன் செய்வது நம் கையிலுள்ள பேசிதான். ஆனால் ஊர் வழக்கு அப்படி ஆகிவிட்டது. அதை இனி மாற்ற முடியாது.) யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் அதன் வழியே நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. ஐந்து ரூபாய் தேநீர்க் காசும் இதில் அடக்கம். ஐம்பதாயிரம் ரூபாய் நகைக் காசும் அடக்கம்.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ஒரு நூதனத் திருட்டு நடந்தது. சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அதே ஊர்தான். இரவோடிரவாகச் சிலர் வந்து, ஒரு பெட்ரோல் நிலையம் உள்ளிட்ட அரை டஜன் கடைகளில் இருந்த குறி அட்டைகளின் மேல் வேறு குறிகளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டு உடைக்கப்படவில்லை, கல்லாப்பெட்டி தொடப்படவில்லை. மறுநாள் வந்த வாடிக்கையாளர்கள் வழக்கம்போல் பணம் செலுத்தினார்கள். "வேறு பெயர் வருகிறதே" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஒரு கடைக்காரருக்கே விஷயம் புரிந்தது. கண்காணிப்புக் காமிராவைப் பார்த்தபோது, இருட்டில் அட்டைகளின் மேல் தாள் ஒட்டும் கைகள் தெரிந்தன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கசங்கிய தாளிலும், எண்ணெய்க் கறை படிந்த அட்டையிலும் இருக்கும் குறியைக்கூடக் கைப்பேசி ஒரு நொடியில் சரியாகப் படித்துவிடுகிறது. அவ்வளவு திறமையுள்ள கருவியால், ஒட்டப்பட்டிருப்பது போலிக் குறி என்பதை மட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? இதற்கு விடை காண, அந்தக் கட்டங்களுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

மூன்று மூலைச் சதுரங்கள்

க்யூ.ஆர். என்பது 'குவிக் ரெஸ்பான்ஸ்' என்பதன் சுருக்கம். விரைந்து விடை தருவது என்று பொருள். ஜப்பானில் மோட்டார் வாகன உறுப்புகள் செய்யும் டென்ஸோ குழுமத்தைச் சேர்ந்த மசஹிரோ ஹாரா என்னும் பொறியாளர் இதை உருவாக்கினார். 1994ஆம் ஆண்டு இது வெளியிடப்பட்டது. அதற்கு முன்பு பட்டைக் கோடுகளே வழக்கில் இருந்தன. சோப்பு உறையின் பின்புறம் இன்றும் நீங்கள் காணும் அந்தக் கோடுகளில் இருபது எழுத்துக்கு மேல் அடக்குவது கடினம். ஆகவே தொழிற்சாலையில் ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி, தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்குப் பதிலாகக் கட்டம் போட்டால் என்ன என்று ஹாரா எண்ணினார். 'கோ' என்னும் ஆட்டத்தில், கட்டமிட்ட பலகையின் மேல் கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் பரவிக் கிடப்பதைப் பார்த்தபோது தமக்கு இந்த யோசனை தோன்றியது என்று அவர் கூறியிருக்கிறார். நம் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கறுப்புக் கட்டம் ஒன்று, வெள்ளைக் கட்டம் சுழி. இவ்வளவுதான் அதன் எழுத்து. மிகச் சிறிய குறியில் பக்கத்துக்கு 21 கட்டங்கள், ஆக 441 கட்டங்கள் உள்ளன. அதற்கு அடுத்த அளவில் பக்கத்துக்கு 25, பிறகு 29 என நான்கு நான்காக உயர்ந்து, நாற்பதாவது அளவில் 177 கட்டங்கள் வரும். அந்தப் பெரிய குறியில் வெறும் எண்களாக எழுதினால் 7,089 இலக்கங்கள் வரை அடங்கும்.

ஆனால் கட்டம் போட்டால் மட்டும் போதுமா? அச்சடித்த தாள் ஒன்றின் நடுவே குறி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பது கருவிக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் மூன்று மூலைகளில் அந்தப் பெரிய சதுரங்கள். அவற்றின் குறுக்கே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பவை 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். இந்த விகிதம் தற்செயலாக வந்ததன்று. ஹாராவின் குழுவினர் விளம்பரத் தாள்கள், பத்திரிகைகள், அட்டைப் பெட்டிகள் என்று கிடைத்த அச்சுப் பொருள்களையெல்லாம் அளந்து பார்த்து, அச்சில் மிக அரிதாகவே வரும் விகிதத்தைத் தேடிப் பிடித்தார்கள். நான்காவது மூலை வெறுமையாக விடப்பட்டிருப்பதால், அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கருவிக்குத் திசை தெரிந்துவிடும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய மளிகைப் பொட்டலம் ஒன்றில் உள்ள குறியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சிறு துண்டுக் காகிதத்தை வைத்து மறையுங்கள். பெரும்பாலும் கைப்பேசி படித்துவிடும். அதே துண்டால் மூலைச் சதுரம் ஒன்றை முழுவதும் மறையுங்கள், பெரும்பாலும் படிக்காது. நடுவில் இருந்தது செய்தி. அதில் கொஞ்சம் போனாலும் மீட்டுக்கொள்ளலாம். மூலையில் இருந்தது அடையாளம். அது போனால் கருவிக்குக் குறியே கண்ணில் படாது.

மை சிந்தினாலும் படிக்கும்

நடுவில் மறைத்த செய்தியைக் கருவி எப்படி மீட்டது? இதில்தான் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

3, 5 என்ற இரண்டு எண்களை நண்பருக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஏதேனும் ஓர் எண் அழிந்துவிடக்கூடும் என்ற பயம் இருக்கிறது. அப்போது வரைபடத் தாளில் முதலாம் இடத்தில் 3 உயரத்திலும், இரண்டாம் இடத்தில் 5 உயரத்திலும் புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்து நேர்கோடு இழுக்கிறோம். கோட்டை நீட்டினால் மூன்றாம் இடத்தில் 7, நான்காம் இடத்தில் 9 வரும். இந்த நான்கு எண்களையும் அனுப்புகிறோம். வழியில் 5 என்பது கறைபட்டு 8 ஆகிவிட்டது. நண்பர் கைக்கு 3, 8, 7, 9 வருகிறது. அவர் புள்ளி வைத்துப் பார்க்கிறார். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. விலகியது எது, அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டுமே அவருக்குத் தெரிந்துவிடுகின்றன!

1960ஆம் ஆண்டு இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்னும் இரு அமெரிக்கர்கள் கண்ட முறையின் சாரம் இதுதான். நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிக் கோவைகளை அவர்கள் கையாண்டார்கள். இசைக் குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு தடைபடாமல் ஒலித்தது இந்தக் கணக்கால்தான். 1986இல் யுரேனஸ் அருகிலிருந்து வாயேஜர் 2 அனுப்பிய படங்களும் இதே கணக்கின் காவலில்தான் பூமிக்கு வந்தன. யுரேனஸிலிருந்து படம் கொண்டுவந்த கணக்கு இன்று வாழைப்பழ வண்டியில் வேலை செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வியப்பாக இல்லையா? கட்டக் குறியில் இதற்கு நான்கு படிகள் உண்டு. சுமார் 7, 15, 25, 30 விழுக்காடு வரை சேதத்தைத் தாங்கும்படி குறியை அமைக்கலாம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கள்வன் குறியின் மேல் மையைச் சிந்தவில்லை. ஒரு கட்டத்தைக்கூட அவன் அழிக்கவில்லை. முழுமையான, பிழையே இல்லாத வேறொரு குறியை மேலே ஒட்டுகிறான். அதன் புள்ளிகள் எல்லாம் அதனதன் கோட்டில் ஒழுங்காக நிற்கின்றன. "செய்தி சேதமடைந்திருக்கிறதா?" என்று கருவி சோதிக்கிறது. "இல்லை" என்பதே உண்மையான விடை. "இந்தச் செய்தியை எழுதியது யார்?" என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. தற்செயலான பிழைக்கு எதிராகக் கட்டப்பட்ட கோட்டை, வேண்டுமென்றே செய்யும் ஏமாற்றை எப்படித் தடுக்கும்? தொழிற்சாலைக்குள் உறுப்புகளை எண்ணுவதற்காகப் பிறந்த குறி இது. அங்கே எண்ணெய்க் கறை உண்டு, திருடன் கிடையாது.

முகவரி உண்டு, கையொப்பம் இல்லை

கடையில் ஒட்டியிருக்கும் குறியில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? மிகச் சிலவே. யு.பி.ஐ. என்ற சொல், பணம் பெறுபவரின் யு.பி.ஐ. முகவரி, அவர் பெயர், சில வேளைகளில் தொகை ஆகியவை ஒரே வரியாக இருக்கும். பழைய மணியார்டர் படிவத்தில் 'பெறுநர்' என்று ஒரு பகுதி இருக்குமே, அதை மட்டும் முன்கூட்டியே அச்சடித்து வைத்தது போன்றது அது. கடையில் பணமும் அந்த அட்டையில் இல்லை. கடைக்காரரின் இரகசியமும் அதில் இல்லை. ஆகையால் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு போனால் கடைக்காரருக்கு ஆபத்து என்று சிலர் அஞ்சுவது தேவையற்றது. படமெடுத்தவன் அவருக்குப் பணம் அனுப்பத்தான் முடியும். ஆபத்து அட்டையை எடுப்பதில் இல்லை, மாற்றுவதில்தான் இருக்கிறது.

இந்தப் பாடத்தைச் சீனர்கள் நமக்கு முன்பே படித்துவிட்டார்கள். தெருக் கடைகளில் குறி வைத்துப் பணம் வாங்குவது அங்கே முன்னதாகவே பரவியது. குறி மாற்றும் திருட்டும் கூடவே பரவியது. காய்கறிச் சந்தைகளிலும், வாடகை மிதிவண்டிகளிலும்கூடப் போலித் தாள்கள் ஒட்டப்பட்டன. அந்நாட்டின் மைய வங்கி 2018 ஏப்ரல் முதல் ஒரு வரம்பு விதித்தது. அச்சடித்து ஒட்டிய மாறாக் குறியின் வழியே ஒருவர் ஒரு நாளில் 500 யுவானுக்கு மேல் செலுத்தக்கூடாது. அதற்கு மேல் என்றால், ஒவ்வொரு விலைச் சீட்டுக்கும் கருவித் திரையில் புதிதாகத் தோன்றும் மாறும் குறியையே பயன்படுத்த வேண்டும். திரையில் அப்போதுதான் தோன்றி அப்போதே மறையும் குறியின் மேல் தாள் ஒட்டுவது எப்படி? நல்ல ஏற்பாடு என்றே சொல்லவேண்டும். ஆனால் திரையுள்ள கருவி வாங்கக் கீரைக்காரிக்கு வசதி வேண்டுமே! அட்டை மலிவானது என்பதால்தான் அது கீரைக் கூடை வரை வந்தது.

அமெரிக்காவிலும் இது நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவிலும் ஆஸ்டினிலும் 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும், வாகனம் நிறுத்தக் கட்டணம் வாங்கும் பொறிகளின் மேல் போலிக் குறிகள் காணப்பட்டன. ஆஸ்டினில் மட்டும் 29 பொறிகள். அங்கே அந்தக் குறிகள் நேரே பணம் வாங்கவில்லை. கட்டணத் தளம்போல் தோன்றும் ஒரு போலி இணையதளத்துக்கு அழைத்துச் சென்று கடன் அட்டை எண்ணைக் கேட்டன. ஆஸ்டின் நகராட்சி தன் பொறிகளில் கட்டக் குறியைப் பயன்படுத்தியதே கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. குறி என்று ஒன்று கண்ணில் பட்டால் உடனே கைப்பேசியை நீட்டும் பழக்கம் மனிதருக்கு வந்துவிட்டது. திருடனுக்கு அந்தப் பழக்கமே போதுமானதாக இருந்தது.

நம் ஊரில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று, பணம் வந்ததும் "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று குரல் கொடுக்கும் சிறு பெட்டி. அது கடைக்காரரின் உண்மையான கணக்கோடு இணைக்கப்பட்டது. அட்டையின் மேல் போலி ஒட்டப்பட்டிருந்தால், பணம் வேறு கணக்குக்குப் போகும். பெட்டி வாய் திறக்காது. வாடிக்கையாளர் 'பணம் செலுத்தப்பட்டது' என்பதுபோல் காட்டும் போலிச் செயலியைத் திரையில் காட்டினாலும் பெட்டி வாய் திறக்காது. சந்தை இரைச்சலில் அந்தக் குரலைக் கவனிக்காமல் விடுவதும், "நெட்வொர்க் சரியில்லை போலிருக்கு, போங்க தம்பி" என்று பெருந்தன்மையாக அனுப்பிவிடுவதும்தான் நாள் முழுவதும் நின்று விற்றவரின் கூலியைக் கரைக்கின்றன.

மற்றொன்று, செலுத்துவதற்கு முன் திரையில் வரும் பெயர். வங்கிப் பதிவில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்பது 2025இல் வந்த ஏற்பாடு. இதிலும் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பலகையில் 'ஸ்ரீ அம்மன் டீ ஸ்டால்' என்று இருக்கும். கணக்கு உரிமையாளரின் மகள் பெயரில் இருக்கும். பெயர் ஒத்துப்போகாதது நம் கடைத்தெருவில் அன்றாட நிகழ்ச்சி. ஆகையால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கள்வன் ஒளிந்துகொள்வது இந்த அலட்சியத்தில்தான். "அண்ணே, இன்னார் பெயர் வருது, சரிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்க மூன்று நொடி ஆகும். கடைக்காரர்கள் தங்கள் கணக்குப் பெயரை அட்டைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் அந்தக் கேள்வியும் வேண்டாம். காலையில் கடை திறக்கும்போது அட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதும், இரவில் அதை உள்ளே எடுத்து வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

பணம் வாங்க எண் எதற்கு?

இனி வேறு வகை. இதில் தாளும் பசையும் தேவையில்லை, பேச்சே போதும்.

ஒரு பெரியவர் பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், ஊர் மாறி வருவதாகவும், கட்டில் பிடித்துவிட்டதாகவும் சொல்கிறார். பேரம்கூடப் பேசுவதில்லை. (பேரம் பேசாத வாங்குபவரைக் கண்டால் முதலில் சந்தேகப்படலாம்!) "ஐயா, உங்களுக்கு ஒரு குறி அனுப்பியிருக்கேன். அதை ஸ்கேன் பண்ணி, உங்க பின் நம்பரைப் போட்டீங்கன்னா பணம் உங்க கணக்குல ஏறிடும்" என்கிறார். பெரியவர் அப்படியே செய்கிறார். பணம் ஏறவில்லை, இறங்குகிறது. "ஐயையோ, தப்பா போயிடுச்சு ஐயா, இன்னொரு தடவை போடுங்க, சேர்த்துத் திருப்பித் தர்றேன்" என்ற அடுத்த பேச்சு வருகிறது.

ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அது சரியன்று. அந்தப் பெரியவரின் வாழ்நாள் அனுபவம் முழுவதும் என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். மணியார்டர் வந்தால் கையெழுத்துப் போட்டால்தான் தபால்காரர் பணம் தருவார். ஓய்வூதியம் வாங்கவும் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும். ஏ.டி.எம். பொறியில் இரகசிய எண்ணை அழுத்தினால் நோட்டு கைக்கு வரும். ஆக, பணம் கைக்கு வர வேண்டுமானால் நாம் ஏதாவது ஒன்று போட வேண்டும் என்பது அவர் கண்டறிந்த உண்மை. யு.பி.ஐ.யில் இது தலைகீழ். அங்கே இரகசிய எண்ணோ, அதற்குப் பதிலாக வைக்கும் விரல் ரேகையோ, ஒரே ஒரு செய்தியைத்தான் வங்கிக்குச் சொல்கிறது: 'என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடு.' பணம் பெறுபவர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, எண்ணும் போட வேண்டியதில்லை. உறங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து சேரும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் மணியார்டர் கதையைச் சொல்லியே இதை விளக்கினால் நன்றாகப் பதியும்.

ஒருவர் மற்றொருவருக்குப் 'பணம் தா' என்று கோரிக்கை அனுப்பும் வசதியும் முன்பு இத்தகைய ஏமாற்றுக்குப் பெரிதும் பயன்பட்டது. தனிநபர்களுக்கிடையே அந்த வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. கோரிக்கை போனது; அனுப்பப்படும் குறி இன்னும் இருக்கிறது.

உங்கள் பெயரில் வேறொருவர்

பணம் போனால் ஒரு தொகையோடு போகும். அடையாளம் போனால் எதுவரை போகும் என்று சொல்ல முடியாது.

கைப்பேசியில் உள்ள வாட்சப்பைக் கணிப்பொறியிலும் திறக்கும் முறையைப் பலரும் அறிவீர்கள். கணிப்பொறித் திரையில் ஒரு குறி தோன்றும். கைப்பேசியால் அதை ஸ்கேன் செய்தவுடன் உங்கள் செய்திகள் கணிப்பொறியில் திறக்கும். இங்கே குறியில் இருப்பது அந்தக் கணிப்பொறியின் தற்காலிக அடையாளம். 'இந்தக் கணிப்பொறி என்னுடையது, இதை உள்ளே விடு' என்று உங்கள் கைப்பேசி சாட்சி சொல்கிறது. அந்தக் குறி கள்வனின் கணிப்பொறியில் தோன்றியதாக இருந்தால்? அவன் அதைப் படமெடுத்து, 'குழுவில் சேர இதை ஸ்கேன் செய்க', 'போட்டியில் வாக்களிக்க ஸ்கேன் செய்க' என்று உங்களுக்கு அனுப்பிவிட்டால், நீங்களே அவனுக்குச் சாட்சி சொல்லி உள்ளே விடுகிறீர்கள். கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. உக்ரைனில் சிக்னல் செயலியைப் பயன்படுத்துவோரை ரஷ்யச் சார்புள்ள குழுக்கள் இந்த வழியில் உளவு பார்க்க முயன்றதை, கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். போர்க்களத்தில் பயன்படும் தந்திரமும், கல்லூரி மாணவரின் கணக்கைத் திருடி அவர் நண்பர்களிடம் 'அவசரமாக இரண்டாயிரம் அனுப்பு' என்று கேட்கும் தந்திரமும் ஒன்றே. செயலியின் அமைப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியை அவ்வப்போது திறந்து, தெரியாத கணிப்பொறி ஏதும் அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடலாம்.

குறி ஓர் இணைய முகவரிக்கு அழைத்துச் செல்லுமானால், திறப்பதற்கு முன் அந்த முகவரியைக் கைப்பேசி காட்டும். அதைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். 'எங்கள்வங்கி.காம்.பரிசு.டாப்/உள்ளே' என்று இருந்தால், அது எங்கள்வங்கியின் தளம் அன்று, 'பரிசு.டாப்' என்பவனின் தளம். (முடிவில் 'கோ.இன்' என்பது போல் இரண்டு துண்டாக வந்தால், மூன்றாவது துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) நம் அஞ்சல் முகவரியில் வீட்டுப் பெயர் எதுவாக இருந்தாலும் ஊர் கடைசியில்தானே வருகிறது? அதுபோலத்தான். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருப்பதால் தளம் நல்லது என்று எண்ண வேண்டாம். இடையில் வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே பூட்டின் பொருள். பேசுவது திருடனோடு என்றால், திருடனோடு மிக இரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான்.

கையொப்பமிட்ட குறியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆதார் அட்டையில் அச்சிடப்படும் குறி அத்தகையது. பெயர், பிறந்த தேதி, முகவரி, சிறு புகைப்படம் ஆகியவற்றோடு ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பமும் அதனுள் இருக்கிறது. மின்னணுக் கையொப்பம் என்பது இரட்டைச் சாவிக் கணக்கு. ஒரு சாவி ஆணையத்திடம் இரகசியமாக இருக்கும். அதைக்கொண்டே கையொப்பமிட முடியும். மற்றொரு சாவி ஊருக்கே தெரியும். அதைக்கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், போட முடியாது. பெயரில் ஓரெழுத்து மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. விடுதியிலோ வாடகை வீட்டிலோ ஆதார் அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்வதில் ஒரு பயனும் இல்லை. வேறு புகைப்படத்தை அச்சிட்டு எவரும் அட்டை செய்யலாம். ஆணையத்தின் செயலியால் குறியைப் படித்தால், உள்ளே கையொப்பமிடப்பட்ட படம் தெரிந்துவிடும்.

அப்படியானால் கடைக் குறிகளுக்கும் கையொப்பம் போட்டுவிட்டால் திருட்டு நின்றுவிடுமா? நிற்காது. கஜுராஹோ பாணித் திருடன் வைத்திருப்பதும் ஒரு வங்கியில் முறையாகத் திறந்த கணக்கே. 'இது இன்னாருடைய கணக்கு' என்று கையொப்பம் சொல்லும். 'நீங்கள் நிற்கும் கடை இன்னாருடையது' என்று சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆதார் நகலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நகல் கடையில் மறந்துவிட்ட தாளைக்கொண்டு உங்கள் பெயரில் சிம் அட்டை வாங்கலாம், கடனுக்கு மனுப் போடலாம். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை ஆணையமே தருகிறது. நகல் கேட்பவருக்குப் பெரும்பாலும் அது போதும். கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் ஓடுகின்றன என்பதை, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். பார்த்துத் திடுக்கிட்டவர்கள் பலர்.

பணம் போய்விட்டால்

வங்கியின் வரிசையில் நிற்பதற்கு முன் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் நாடு முழுவதும் இயங்குவது. போன தொகை, நேரம், பரிமாற்ற எண், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்கட்டும். ஏன் இந்த அவசரம்? போன பணம் முதல் கணக்கில் அதிக நேரம் தங்காது. அங்கிருந்து இரண்டாக, நான்காகப் பிரிந்து வேறு கணக்குகளுக்குப் போய், கடைசியில் ஏதோ ஓர் ஏ.டி.எம். பொறியில் நோட்டாக வெளியேறிவிடும். நோட்டாகும் முன் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்தி வைக்கும்படி வங்கிகளுக்குச் சொல்லத்தான் 1930. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், நிறுத்தி வைக்க அங்கே ஒன்றும் இருக்காது. திரையில் வந்த பெயரையும் முகவரியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசியக் கணினிக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

இடையில் உள்ள அந்தக் கணக்குகள் யாருடையவை? பெரும்பாலும் திருடனுடையவை அல்ல. "உன் கணக்கைச் சும்மா ஒரு மாதம் கொடு, மூவாயிரம் தருகிறேன், பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் சிம்மும் என்னிடம் இருக்கட்டும்" என்று கேட்டு வாடகைக்கு எடுத்தவை. கேட்கப்படுபவர்களில் கல்லூரி மாணவர்கள் ஏராளம். 'என் கணக்கில் பணமே இல்லையே, எனக்கு என்ன நஷ்டம்?' என்று அவர்கள் நினைக்கிறார்கள். பூக்காரியின் அட்டை மேல் ஒட்டப்பட்ட குறியை ஸ்கேன் செய்தால் திரையில் வரும் பெயர் அந்த மாணவருடையது. காவல்துறை முதலில் கதவைத் தட்டும் வீடும் அவருடையது. கணக்கை இரவல் கொடுத்தது குற்றத்துக்கு உடந்தை என்றே வழக்கில் எழுதப்படும். அவர் பெயரில் உள்ள மற்றக் கணக்குகளும் முடக்கப்படலாம். மூவாயிரம் கொடுத்தவரின் பெயர் எந்தத் திரையிலும் வராது.